திமில் இல்லாத காளை

…அடக் கெரகமே, அந்தக் கலர் பென்சில் பொட்டியையா அட்டாலி மேல, பழைய சாமானோட தூக்கிப் போட்டே? எடு ருக்கு, எடு! இங்க குடு. ம்ம்… மெழுகு வாசம் எப்படி அடிக்குது பாரு! "வாதம் வந்து கை உழுந்த மனுசனுக்குப் படம் வரையற வைத்தியமாம், அவரென்ன சின்னப் புள்ளையா"ன்னு அந்த டாக்டரம்மாளை நொடிக்கிறயே. உன்ற ஊட்டுக்காரருக்குப் பேச்சு போகலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. பேசத்தான் மாட்டீங்கறாரு. எனக்கு பஸ்ஸு போர்டுகூடப் படிக்கத் தெரியாது. ஆனா இந்த வைத்தியத்தை எட்டு வயசுலயே பாத்துப்போட்டேன். சித்த உக்காரு, சொல்றேன்.

எங்கய்யன் காங்கயத்துப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டிட்டு இருந்தவரு. மழை இல்லாமப் போயி, எங்களைக் கூட்டிட்டு கோயமுத்தூருக்கு வந்து பஞ்சு மில்லுல சேந்தாரு. மில்லுக்காரங்க லைன் ஊட்டுலதான் குடியிருந்தோம். ஒரு நாளு மெசினு அவரு சோத்துக்கையில நாலு வெரலைப் புடுங்கிருச்சு. புண்ணு ஆறிருச்சு, மனுசன் ஆறலை. செவுத்தைப் பாத்து உக்காந்தாருன்னா உக்காந்ததுதான். ஒரு வார்த்தை இல்லை. எங்கம்மா பேசிப் பாத்தா, அழுது பாத்தா, மந்திரிக்கறவரைக்கூடக் கூட்டியாந்தா. ஆடி போயி ஐப்பசியும் வந்துருச்சு. ஒரு நாளு அவ ஊட்டுல இருந்த கயிறு அத்தனையும், துணி காயப்போடற கொடிக்கயிறு மொதக்கொண்டு சுருட்டி, பக்கத்து ஊட்டுல கொண்டுபோயி வெச்சுட்டா. "ஈரத்துணிய எங்கே போடறதும்மா?"ன்னு கேட்டேன். "திண்ணையில விரி"ன்னுட்டா. எனக்கு அன்னைக்குப் புரியலை.

எங்கய்யன் சந்தோசப்படட்டும்னு அடுப்புக்கரிய எடுத்து, அவரு பாக்கற செவுத்துலயே, மூஞ்சிக்கு நேரா ஒரு காளை போட்டேன். நாலு காலு, ரெண்டு கொம்பு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கம்மா பாத்துப்போட்டு, "செவுத்தைக் கரியாக்கிட்டியேடி!"ன்னு சீமாத்தை எடுத்துட்டு வாரா. நானு ஓட, அவ தொரத்த…

"ஏ அம்மணி."

ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம்.

"திமில் எங்க? காங்கயங்காளையா அது? கழுதைக்குக் கொம்பு வெச்சாப்பல இருக்குது!"

எந்திரிச்சாரு ருக்கு! கரியப் பீச்சாங்கையில வாங்கித் திமிலை வெச்சாரு. பூசணிக்காய உருட்டி வெச்சாப்பல கோணிட்டு நின்னுச்சு. அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. எங்கம்மா சீமாத்தைக் கட்டிப் புடிச்சுட்டு அழுவறா.

நானு லேசுப்பட்டவளா? அடுத்த நாளு வேணும்னே வாலை உட்டுப்போட்டேன். அதுக்கடுத்த நாளு வண்டிக்கு ஒத்தைச் சக்கரம். "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"ன்னு திட்டிட்டே சரி பண்ணுவாரு. அப்பறம் நானு தப்பு தப்பாப் போட வேண்டியதில்லாமப் போச்சு, அவராவே வரைஞ்சாரு. ஒரு நாளு அந்த மெசினை வரைஞ்சாரு. கரி தூளாகற மட்டும் அழுத்தி அழுத்தி வரைஞ்சுபோட்டு, ஓன்னு அழுதாரு. வெரலு போன அன்னைக்குக்கூட அழுவாத மனுசன்! மறுநாள் காலையில அவரே பக்கத்து ஊட்டுக்குப் போயி கயித்தை வாங்கியாந்து கொடி கட்டிக் குடுத்தாரு.

தைப் பொங்க நோம்பி வந்துச்சு, ஊட்டுக்கு வெள்ளையடிக்கோணும். எங்கம்மா மட்டைய சுண்ணாம்புல முக்கிட்டு நிக்கறா, படத்தை அழிக்க மனசு வல்லை. எங்கய்யன் மட்டைய வாங்கி ஒரே இழுப்பு! "எடம் பத்தலைடி, புதுசா வரையோணும்ல"ன்னாரு.

அந்த லைன் ஊடெல்லாம் இப்ப ஏது? பாலத்துக்குத் தூணு நட்டுட்டாங்க. அதை உடு. உன்ற ஊட்டுக்காரரு முப்பது வருசம் பஸ்ஸு ஓட்டுனவருதான? அவரு கண்ணு முன்னால ஒரு பஸ்ஸு வரை. நல்லா வரைஞ்சுபோடாதே, காரியம் கெட்டுப் போயிரும்! ஸ்டேரிங்கை எடது பக்கம் வெய்யி. மனுசன் வாயத் தொறக்கறாரா இல்லையான்னு… ஐயோ, கொழாயில தண்ணி வந்துருச்சாட்ட இருக்குது, சத்தம் கேக்குதா? ஓடியா, கொடத்தை எடு… இல்லை இல்லை, உன்ற கொடத்தையும் நானே புடிச்சு வெக்கறேன். நீ போயி பஸ்ஸை வரை!