ஞானசுந்தரியின் இடது கால் ஷூக்கள்

ஆம்பூரில் இருபது வருடமாக இன்சூரன்ஸ் ஏஜெண்டாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் நவநீதன். லாரி, பைக், தோல் குடோன், ஏன், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் குதிரைக்குக்கூடப் பாலிசி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குதிரைக்காரர்கூட என்னை அவ்வளவு அலைய விட்டதில்லை. ஞானசுந்தரி அக்கா விட்டார்.

அவர் இன்சூர் செய்யக் கேட்ட பொருள் அப்படி. ஒரு அறை நிறைய ஷூக்கள். ஆண்கள் ஷூ, பெண்கள் ஷூ, பூட்ஸ், சாண்டல் எல்லாம் உண்டு. அத்தனையும் இடது காலுக்கு. வலது காலுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

ஷூ கம்பெனி இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுக்கும் முன்னால் சாம்பிள் கேட்பார். அதை ஜோடியாகச் செய்யாமல் ஒற்றைக் காலாகச் செய்து அனுப்புவார்கள். தோலும் மிச்சம், நடுவழியில் யாரும் எடுத்து மாட்டிக்கொண்டு போகவும் முடியாது. அக்கா வேலை பார்த்த கம்பெனியில் அது எப்போதும் இடது கால்தான். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சாம்பிள் ரூமில் சேர்ந்தவர், மகன் ஜோவின் சென்னையில் பெரிய வேலைக்குப் போன பிறகுதான் வெளியே வந்தார்.

அவர் ரிட்டயர் ஆன சமயம் கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய சாம்பிள்களை மூட்டை கட்டி எரிக்கப் போட்டார்கள். அக்கா நேராக மேனேஜரிடம் போய்க் கேட்டு, எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் கணவர் ஜெபராஜ், வேலூரில் ஆஸ்பத்திரி ஆபீஸில் இருந்தவர், தங்கமான மனிதர். முன்ரூம் சோபாவைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, சுவர் முழுக்க அலமாரி அடித்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு ஷூவுக்குக் கீழும் ஒரு அட்டை. தோல் வெட்டியது யார், தைத்தது யார், ஒட்டியது யார் என்று அக்கா ஞாபகத்திலிருந்து எழுதி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அறையைத் திறந்துவிடுவார். கம்பெனியில் வேலை செய்த பெண்கள் தேடி வருவார்கள். அணைக்கட்டிலிருந்து முத்துமாரி என்ற அம்மா ரெண்டு பஸ் மாறி வந்து, தான் தைத்த ஒரு சிவப்பு சாண்டலை போனில் படம் எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். மாதம் முழுக்கத் தைத்து, ஒரு ஷூவின் மேலும் தங்கள் பெயரைப் பார்க்காத பெண்கள் அவர்கள். அதை யோசித்த ஒரே ஆள் இந்த அக்காதான். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

ஜோவினுக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. குப்பையைக் கொட்டிவிட்டு ரூமை வாடகைக்கு விடச் சொல்லி ஒவ்வொரு போனிலும் நச்சரிப்பான். அதற்காகத்தான் அக்கா என்னிடம் வந்தார். ஒரு கம்பெனி இதற்கு மதிப்புப் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டால் இது குப்பை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா என்று கேட்டார். இன்சூரன்ஸ் அதற்காக இல்லை அக்கா என்றேன். பின்னே எதற்கு என்றார். நான் விண்ணப்பப் பாரத்தை எடுத்தேன்.

வேலூர் ஆபீஸில் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். ஜோடியில்லாத செருப்பை எவன் திருடுவான், திருட்டே போகாத பொருளுக்குத் திருட்டு இன்சூரன்ஸா என்று கேட்டார் அதிகாரி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஷூவையும் படமெடுத்து, பட்டியல் போட்டு, நடையாய் நடந்து கடைசியில் வாங்கிவிட்டேன். தீ, வெள்ளம், திருட்டு மூன்றுக்கும் உண்டு. தானாகக் கெட்டுப்போனால் கிடையாது. பொருளில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. அக்கா பாலிசியை ஃப்ரேம் போட்டு அலமாரிக்கு மேலே மாட்டி, படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை போன் செய்தார்.

"தம்பி, அஃப்ஸரோட பூட்ஸ காணோம்."

எந்த பூட்ஸ் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். பழுப்பு நிறம், கணுக்கால் உயரம். ஜெர்மன்காரர் ஒருவர் திரும்பத் திரும்ப வேண்டாம் என்று சொல்லி, கடைசியாகத் தலையாட்டிய பீஸ். அந்த ஆர்டரில்தான் கம்பெனி மூடாமல் தப்பித்தது. தைத்தவர் அஃப்ஸர் ஜஹான், அக்காவுக்குப் பக்கத்து மெஷின், உயிர்த் தோழி. கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுவார். அந்த அலமாரியில் அவருக்கு எல்லாவற்றையும்விட அருமையான பொருள் அதுதான்.

முந்தின நாள் நல்ல கூட்டமாம். ஜெபராஜ் யாருக்கோ காபி எடுத்துவர உள்ளே போன நேரத்தில் நடந்திருக்கிறது. நான் போனபோது அக்கா வாசல்படியைக் காட்டினார். அங்கே தேய்ந்துபோன ஹவாய் செருப்பு ஒன்று கிடந்தது. நாய் இழுத்துவந்து போட்டிருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

எனக்கு வருத்தம் இருந்தது. கூடவே ஒரு குஷியும் இருந்தது, பொய் சொல்வானேன். எவன் திருடுவான் என்று சிரித்த ஆபீஸிலேயே பணம் வாங்கிக் காட்டலாம் இல்லையா. அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணம் வந்தால் ஜோவினுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றார். திருட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் போலீஸில் புகார் கொடுத்தாக வேண்டும். அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஸ்டேஷனுக்குப் போனேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். இடது கால் மட்டும்தான் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். வேறு ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டார். அக்கா செருப்பைப் பற்றிச் சொன்னார். அது எந்தக் கால் செருப்பு என்றார் அவர். இடது கால்.

"அப்ப ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சேம்மா. வலது கால் இல்லாதவன். ஆம்பூர்ல எத்தன பேரு இருக்கப்போறான்? சாயங்காலத்துக்குள்ள தூக்கிடலாம்."

சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடக் காகிதத்தை நகர்த்தினார். அக்கா பேனாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அப்போ அத மாட்டிக்கினுதான் நடக்கறாரா?"

பின்னே அலமாரியில் வைக்கவா எடுத்துப்போயிருப்பான் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அக்கா பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். அப்புறம் வருகிறோம் சார் என்று சொல்லி வெளியே நடந்துவிட்டார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஸ்டேஷன் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அக்கா பதற்றத்தோடு விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஷூவுக்கு அடியில் போட்ட சோல் ஒரு மாதிரி நுரை ரப்பர். பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும். அலமாரியில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மாட்டிக்கொண்டு நாலு தெரு நடந்தால் ரஸ்க் மாதிரி நொறுங்கிக் கொட்டிவிடும். ரெண்டு கால் இருப்பவர் தடுமாறினாலும் சமாளித்துக்கொள்வார். இருக்கிற ஒரு காலுக்கு அடியில் அப்படி ஆனால் அந்த மனிதர் என்ன செய்வார்?

அப்படியானால் போலீஸ்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கும், வாருங்கள் உள்ளே போவோம் என்றேன்.

"போலீஸ் தேடுதுன்னு தெரிஞ்சா ஓடுவாரு தம்பி. அந்த பூட்ஸ போட்டுக்கினு ஓடக்கூடாது."

புகார் இல்லாமல் ஒரு பைசா கிடைக்காது என்று நினைவுபடுத்தினேன். அவர் அதற்குள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முந்தின நாள் ஊன்றுகோலோடு வந்த ஒருவரை அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. பூட்ஸுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தாராம். வலது கால் ஷூ ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாராம். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதானே என்று அக்கா சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறார். முதலில் வீட்டுக்குப் போய் அந்த ஹவாய் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி கிளம்பினோம். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ஆட்டோ ஸ்டாண்ட் என்று கேட்டுக்கொண்டே போனதில், ஒரு டீக்கடைக்காரர் ஆளைச் சொல்லிவிட்டார். சின்னசாமி. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதியில் வலது காலை எடுத்துவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பைக் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார்.

தூரத்திலேயே தெரிந்தது. மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே பழுப்பு பூட்ஸ் பளபளவென்று இருந்தது. பாலிஷ் போட்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் அவர் ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பினார். மழைத்தண்ணீர் தேங்கி, தரை வழவழவென்று கிடந்தது. நான் வண்டியை நிறுத்துவதற்குள் அக்கா இறங்கிவிட்டார். கத்தவில்லை. வீட்டு ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"அங்கயே நில்லுங்கண்ணா. நான் பூட்ஸ கேக்க வர்ல. சோல் ஒடஞ்சிடும், நகராதீங்க."

சின்னசாமி நின்றார். அக்கா கிட்டே போய் அந்தச் சேற்றிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு துண்டு கையோடு வந்தது. தேய்த்ததும் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. சின்னசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்திலிருந்த பைக்கைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

சும்மா போட்டுப் பார்க்கலாம் என்றுதான் காலை விட்டாராம். அளவு சரியாக இருந்ததாம். கால் போனதிலிருந்து ஷூ போட்டதே இல்லை. கடையில் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள், ஒன்றைத் தூக்கிப்போடப் பணம் ஏது, அதனால் எப்போதும் ஹவாய்தான், மழையில் அது வழுக்கும் என்றார். போட்ட பிறகு கழற்ற மனசு வரவில்லை என்றார். அக்கா பையிலிருந்த செருப்பை எடுத்து மாட்டிவிட்டு, பூட்ஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ரெண்டு நாளில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் குறடை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன். பொருள் கிடைத்துவிட்டது, அலமாரியில் வையுங்கள், அந்த ஆளுக்கு நான் வேறு வாங்கித் தருகிறேன், சோலை மாற்றினால் இது பாலிசியில் இருக்காது, மதிப்பே போய்விடும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். இப்படி ஒரு தோலும் இப்படி ஒரு தையலும் எந்தக் கடையில் வாங்குவாய் தம்பி என்றார். ஜெபராஜ் என் கையில் காபியைத் திணித்தார்.

பழைய சோல் பிய்ந்து வந்தபோது அக்கா அழுதார், மறைக்கவில்லை. அஃப்ஸரின் தையலில் ஒரு நூல்கூட அறாமல் எடுத்தார். புது ரப்பர் சோலை ஒட்டி, ஓரம் தைத்து, அழுத்திக் கட்டிவைத்தார். சர்க்கரைக்காரரின் கால் புண்ணாகக்கூடாது என்று உள்ளே மெத்தென்ற அட்டை வெட்டிப் போட்டார். எத்தனையோ பொருளை இன்சூர் செய்திருக்கிறேன். உயிராக வைத்திருந்த பொருளை, அதைத் திருடியவர் விழுந்துவிடக்கூடாது என்று தன் கையாலேயே பிரித்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒரு மனசு எனக்கு வராது.

புதன்கிழமை பைக் ஸ்டாண்டில் அக்கா தானே மாட்டிவிட்டார். கயிற்றைக் கட்டி, விரல் நுனியில் இடம் இருக்கிறதா என்று முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். நடக்கச் சொன்னார். சின்னசாமி பைக்குகளுக்கு நடுவே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வந்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"மேடம், நான் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

கட்டாயம் கொடுத்திருப்பேன் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா யோசித்தார்.

"குடுத்திருக்க மாட்டேன்ணா" என்றார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இனிமே கேளுங்க. உங்க சைஸ்ல இன்னும் நெறைய இருக்குது. சோல் மாத்த மட்டும் ரெண்டு நாள் டைம் குடுக்கணும்."