சேற்றுக்கு ஐஸ்

புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்க வண்டியை நிறுத்துகிறோம். ஐஸ் விற்கும் அக்கா என் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"இன்னாம்மா, மீனையே காணோம், ஒரே சேறா கீது?"

கடலடியில் குழாய் இறக்கி எடுத்தது என்கிறேன். நுண்பாசிகளின் கொழுப்பு இந்தச் சேற்றில் தங்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், அவை வாழ்ந்த காலத்தில் கடல்நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று தெரியும். பல ஆயிரம் வருடப் பழசு.

"அவ்ளோ வருசம் கெடாம இருந்திச்சு. இன்னிக்கு ஐஸ் இல்லன்னா கெட்டுடுமா?"

"அடியில காத்து படல அக்கா. மேல எடுத்துட்டா கெட ஆரம்பிச்சிடும்."

"அப்ப மீனு மாதிரிதான்."

கேட்காமலே இன்னொரு கூடை ஐஸைக் கொட்டி, மூடியை அழுத்தி மூடுகிறார்.

"அப்புறம் இன்னாத்துக்கு வெயில்ல நின்னு பேசிக்கினு கீற? கெளம்பு."