கடைசி முக்கால் மணி நேரம்

நாலரை ஆனால் மாரக்காள் எழுந்துவிடுவார். கையில் டீ டம்ளர் இருந்தாலும் சரி, பேச்சு பாதியில் நின்றாலும் சரி. சுவரில் இருக்கும் கடிகாரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எழுந்து, சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டை அறையின் வாசல் வரை விறுவிறுவென்று போவார். அங்கே போன பிறகுதான் தனக்குப் போக இடம் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வரும். கொஞ்ச நேரம் வெளியே பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். “அக்காளை எருமை கூப்புட்டுருச்சு” என்று கூட வேலை செய்கிற நர்மதா கிண்டல் செய்வாள். அந்த எருமை செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கோழிப்பண்ணை. நான் தீவனக் கம்பெனி ஆள். மாதம் இரண்டு தடவை தீவன மாதிரி எடுக்கப் போவேன். அதற்குப் பத்து நிமிடம் போதும். மீதி நேரத்தை முட்டை அறையில் கழிப்பேன். காரணம் சினிமா. எனக்குக் குடும்பப் படப் பைத்தியம் உண்டு. வீட்டில் யாரும் என்னோடு உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். முட்டை அறையில் மட்டும்தான் என்னை மதித்து எதிர்வாதம் செய்ய ஆள் இருந்தது.

மாரக்காளுக்கு அறுபத்திரண்டு வயது. முட்டை பிரிக்கிற வேலையில் அந்தப் பண்ணையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு கையிலும் இரண்டு இரண்டு முட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவார். நல்ல முட்டை கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கி வரும். அதைத் தனியே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நர்மதா எதிரில் உட்கார்ந்து முட்டை அட்டைகளை அடுக்குவாள். இத்தனைக்கும் நடுவில்தான் படப் பேச்சு ஓடும்.

அவருக்குப் படங்களின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. “பேரு எதுக்குங்க தம்பி? பேரை வெச்சு என்ன பண்றது? நகப்பொட்டிப் படம்னா தெரியாதா?” என்பார். நகைப்பெட்டிப் படம், ரயில்வே கேட்டுப் படம், பெரியவன் மொட்டையடிக்கிற படம், இரட்டைத் தொட்டில் படம். நானும் நாளடைவில் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். எங்களுக்குள் போட்டியே, வெவ்வேறு படங்களில் ஒரே மாதிரி வருவது எது என்று கண்டுபிடிப்பதுதான். எந்தப் படமானாலும் கெட்ட சேதி வரும்போது யாராவது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், பாதி இலையில் எழுந்துவிடுவார் என்று நான் சொன்னேன். மாமியார் இரண்டு தடவை இருமினால் இடைவேளை தாண்டமாட்டாள் என்றாள் நர்மதா. மாரக்காள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

“அதெல்லாம் சில்லறைங்க. நாஞ் சொல்றதைக் கேளுங்க. அண்ணந் தம்பி பிரிஞ்சு போற படம் எத்தன வந்துருக்குது? அத்தனையிலயும் கடைசில மூத்த மருமவதான் போயிக் கூப்புடுவா. போயி நின்னு ஒரே ஒரு வார்த்ததான் சொல்லுவா. ‘ஒல வெச்சுட்டுத்தான் வந்தேன், வா.’ அவ்வளவுதான். செவுத்தை இடிச்சுப்போட்டு எல்லாரும் ஒண்ணாச் சோறு திம்பாங்க. எல்லாப் படத்துலயும் அதே வார்த்தைங்க. ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் எடுத்துருக்கறான்.”

நான் யோசித்துப் பார்த்தேன். உலை வைத்துவிட்டு வந்து கூப்பிடுகிற அப்படி ஒரு வசனம் எந்தப் படத்திலும் எனக்கு நினைவில்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படப் பைத்தியக்காரனுக்குத் தோல்வி பொறுக்காது. கைபேசியை எடுத்து, ரயில்வே கேட்டுப் படத்தின் கடைசிப் பகுதியைத் தேடி எடுத்து, அட்டைகளின் மேல் சாய்த்து வைத்தேன். அண்ணனும் தம்பியும் கேட்டின் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். ரயில் போகிறது. ரயில் போன பிறகு தம்பி அங்கே இல்லை. படம் முடிந்தது.

“இது வேற படம்” என்றார் மாரக்காள்.

நகைப்பெட்டிப் படத்தைப் போட்டேன். அதில் மூத்த மருமகள் காய்ச்சலில் இறந்துபோகிறாள். இரட்டைத் தொட்டில் படத்தில் சண்டையே தீரவில்லை, பிள்ளைகள் பெரியவர்களாகி ஆளுக்கொரு ஊருக்குப் போகிறார்கள். வெற்றி பெற்ற சந்தோஷத்தில் நான் அவர் முகத்தைக் கவனிக்கவில்லை. நர்மதாதான் காலால் என் காலை இடித்தாள்.

“அப்ப அந்த அம்மிணி போயிக் கூப்புடவே இல்லீங்களா தம்பி?”

“இல்லைங்க.”

“மூணுலயுமா?”

“மூணுலயுந்தாங்க.”

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று அவர் தட்டி அனுப்பிய அட்டைகளில் நாலு விரிசல் முட்டை இருந்ததென்று நர்மதா பிறகு சொன்னாள். அதை அவள் யாரிடமும் காட்டாமல் எடுத்து வைத்துவிட்டாளாம்.

அடுத்த தடவை நான் போனபோது மாரக்காள் சினிமா பேசவில்லை. நானும் குற்றவாளி போல ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

மாரக்காளின் கணவர் அர்த்தநாரி. அவருக்கு ஒரு தம்பி, சின்னராஜ். தம்பி மனைவி பொன்னாயி. கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எந்த நாள் என்பதில் அண்ணனும் தம்பியும் வாய்ப்பேச்சு முற்றி, வீட்டின் நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். மாரக்காளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஆண்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் பெண்கள் இருவருக்கும் சினிமா வேண்டும். மாதம் ஒரு நாள் ஊர் எல்லை வரை தனித்தனியாக நடந்து போய், பஸ்ஸில் ஏறிப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வார்கள். சேந்தமங்கலத்தில் மதியக் காட்சி இரண்டரைக்கு ஆரம்பித்து ஐந்தேகாலுக்கு முடியும். ஆனால் மாரக்காளின் எருமை அவர் கைக்கு மட்டும்தான் பால் விடும். ஐந்தரைக்குள் பாலைச் சொசைட்டியில் ஊற்றியாக வேண்டும். ஆகவே அவர் நாலு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே பாதியில் எழுந்து ஓடுவார். பொன்னாயி இருந்து பார்த்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு வருவாள். மறுநாள் காலையில் ஆண்கள் காட்டுக்குப் போனதும், கவிழ்த்துப்போட்ட அண்டாவின் மேல் ஏறி நின்று, சுவருக்கு மேல் தலையை மட்டும் காட்டி மீதிக் கதையைச் சொல்லுவாள்.

பதினைந்து வருடம் இப்படியே பார்த்தார்கள். ஒரு படத்தின் முடிவைக்கூட மாரக்காள் தன் கண்ணால் பார்த்ததில்லை. டிவியில் அதே படங்கள் வந்தபோதும் நாலரை ஆகிவிட்டால் எழுந்துவிடுவார். மற்ற நேரத்தில் வந்தாலும், முடிவுதான் தெரியுமே என்று பாதியில் அணைத்துவிடுவார்.

“நல்லாச் சொல்லுவாளுங்க தம்பி. கண்ணுல தண்ணி வந்துரும். நான் இந்தப் பக்கம் சாணி கரைச்சுக்கிட்டே ‘உம்’ போடுவேன். மூத்தவ போயிக் கூப்புட்டாளான்னு நானே கேப்பேன். ‘கூப்புட்டாங்க அக்கா, ஒல வெச்சுட்டுத்தான் வந்தாங்களாமா’ன்னு சொல்லுவா. சொல்லிட்டு என்னையே பாத்துட்டு நிப்பா.”

சின்னராஜுக்கு அண்ணன் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்ததாம். அர்த்தநாரியும் தடுக்கவில்லை. “நீ போயிக் கூப்புடறதுன்னா கூப்புடு, வந்தா வரட்டும்” என்று மனைவியிடமே விட்டுவிட்டார். மாரக்காள் போகவில்லை. தடித்துப் பேசினவர்கள் தம்பி வீட்டார்தான், அவர்களே வரட்டும் என்று இருந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சின்னராஜ் குடும்பத்தோடு மாமனார் ஊரான பனமரத்துப்பட்டிக்குப் பண்ணையம் பார்க்கப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டியே கிடக்கிறது. அர்த்தநாரி இறந்து ஆறு வருடம். சின்னராஜ் போன தை மாதம் இறந்தார். அந்தச் சாவுக்குப் போன மாரக்காள் கூட்டத்தோடு நின்று அழுதுவிட்டு நாலரைக்குக் கிளம்பி வந்துவிட்டார். பொன்னாயி இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் வீடு என்றால் மருமகன் வீடு. கட்டிக் கொடுத்த இடத்தில் போய்ச் சோற்றுக்கு உட்காருவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு கூச்சமான காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

“பதினஞ்சு வருசமா ஒருத்தி செவுத்துக்கு மேல நின்னு என்னையத்தான் கேட்டுருக்கறா. எனக்கு ஒறைக்கவே இல்லியே தம்பி. படம் எடுக்கறவன் ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் எடுக்கறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

அந்த மூன்று படங்களையும் நான் போட்டுக் காட்டியிருக்கக் கூடாது. “ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்களேன்” என்று மட்டும் சொன்னேன். போய் என்ன சொல்வது என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், அந்தப் பாதி வீடு பூட்டித்தானே கிடக்கிறது என்றேன்.

அவர் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் போய், மல்லூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பனமரத்துப்பட்டி போயிருக்கிறார். நாலு நாள் கழித்து வியாழக்கிழமை நான் பண்ணைக்குப் போனபோது முட்டை தட்டிக்கொண்டே சொன்னார்.

“போனனுங்க. வாங்கக்கான்னு வாய் நெறையாக் கூப்புட்டா. டீ வெச்சுக் குடுத்தா. மாப்ள உள்ள தூங்கறாருன்னு மெதுவாவே பேசினா. அவ அப்பிடிப் பேசி நாம் பாத்ததே இல்லீங்க. ஊர் முச்சூடும் கேக்கற மாதிரி பேசறவ. டிவில படம் ஓடுச்சு. பம்பாய்க்குப் போன தம்பி படம். சத்தத்தைக் கொறைச்சு வெச்சுப்போட்டு ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். இதோ சொல்றேன், இதோ சொல்றேன்னு நெனச்சுட்டே இருந்தேன். நாலரை ஆச்சு. நான் எந்திரிச்சுட்டேன்.”

“ஏனுங்க?”

“தெரியலீங்க. எந்திரிச்சு பையையும் எடுத்துட்டேன். அவ என்னைய நிமுந்து பாத்தா. ‘நீங்க கெளம்புங்க அக்கா, மிச்சத்தை நாஞ் சொல்றேன்’னா. சரீன்னு வந்துட்டேன். எருமைதான் இல்லியே, அப்புறம் எதுக்கு எந்திரிச்சோம்னு மல்லூர் வந்துதானுங்க ரோசனை வந்துச்சு. பஸ்ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன்.”

அந்தப் படத்தின் முடிவை மறுநாளே நர்மதாவைத் தேடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பம்பாய்க்குப் போன தம்பி அங்கேயே இருந்துவிடுகிறான். கடிதம் மட்டும் வருகிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. “இதை அவ எப்பிடிச் சொல்லப் போறாளோ” என்றார் மாரக்காள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மணி நாலேகால் இருக்கும். அவருடைய கைபேசி அடித்தது. இரண்டு கையிலும் முட்டை இருந்ததால் நர்மதாதான் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு அட்டையின் மேல் வைத்தாள்.

“அக்கா, நான் பொன்னாயி பேசறனுங்க. புள்ளை போன் இன்னைக்குத்தான் கெடைச்சுது. அந்தப் படத்தைச் சொல்றேன்னு சொன்னேனில்லீங்க.”

“உம்” என்றார் மாரக்காள்.

மெல்லிய குரல்தான். ஆனால் கதை சொல்லத் தொடங்கியதும் அதில் ஒரு தெம்பு வந்துவிட்டது. தம்பிக்குப் பம்பாயில் காய்ச்சல் வருகிறது. கவனிக்க ஆளில்லை. ஊரில் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாரக்காள் “உம்” சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு காட்சி அந்தப் படத்தில் இல்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

“அப்பறம் என்னாச்சுங்கறீங்க? அந்த மூத்த மருமவ தனியா ரயிலேறிப் போறா அக்கா. பாஷை தெரியாத ஊரு. ஒவ்வொரு ஊடாக் கேட்டுக் கேட்டுப் போயி, கதவைத் தட்டி...”

“பொன்னாயி.”

“ஏனுங்க அக்கா?”

“ஒல வெச்சுட்டேன். வா சாமி.”

யாரோ ஒரு குழந்தை தூரத்தில் அழுவது கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நர்மதா குனிந்து பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து அந்தக் குரல், கதை சொன்ன தெம்பெல்லாம் போய், மருமகன் வீட்டுக் குரலாகவே வந்தது.

“இது எந்தப் படத்துலீங்க அக்கா?”

கடிகாரம் நாலரையைத் தாண்டியது. நர்மதா கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாரக்காள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையிலும் முட்டைகளைத் தட்டாமல் பிடித்துக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்.