பதியாத நடை

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு செல்வி என் மேஜை முன் வந்து நின்றார். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்ட வீடுகளுக்கு வாரம் மூன்று நாள் போய்வரும் கிராம செவிலியர். கையில் அன்று வந்த உத்தரவின் நகல்.

"என்னண்ணே, இனிமே மலைக்கு மாசத்துக்கு ஒருக்காத்தானாம்ல? மத்த நாளெல்லாம் கீழதான் சோலியாம்."

மலையில் வேலை குறைவு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவன்... நான்தான்.

எங்கள் சுகாதார நிலையத்தில் பதிவுகள் என் பொறுப்பு. யார், என்ன வேலை, எத்தனை நிமிடம் — ஊழியர்கள் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அந்த நிமிடங்களைக் கூட்டிப் பார்த்துத்தான் யார் எங்கே எத்தனை நாள் போக வேண்டும் என்று அது பிரிக்கும். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, கூட்டம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் 'மற்றவை'.

இந்தப் பதிவு முறை ஆரம்பித்த வாரமே செல்வி கேட்டார்.

"ஜீப்பு எறக்கிவிட்ட எடத்துல இருந்து மேல ஏற ரெண்டு மணி நேரம் ஆகுதுண்ணே. அத எதுல ஏத்துவீங்க?"

"நடக்குறதெல்லாம் ஒரு சோலியாம்மா?"

"ஒருநா தடுப்பூசிப் பெட்டியத் தோள்ல மாட்டிட்டு வாங்க. அப்புறம் சொல்லுங்க."

சிரித்தேன். ஏற்றவில்லை. 'மற்றவை'யில் கண்டதையும் திணித்தால் பதிவு அசிங்கமாகிவிடும் என்பது என் கொள்கை. எங்கள் பதிவுதான் சுத்தம் என்று கூட்டத்தில் பாராட்டுகூட வாங்கினேன். ஒரு மனுஷியின் அரை நாள் உழைப்பைத் துடைத்து வாங்கிய சுத்தம் அது. ஒழுங்காக இருப்பதையே உண்மையாக இருப்பதாக நினைத்துக்கொள்வது என்னைப் போன்றவர்களின் வியாதி.

"மேல எட்டு மாசப் புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கா. கால் வீங்கிக் கெடக்கு. வாராவாரம் பிரஷர் பாக்கணும். அவகிட்ட நான் என்னண்ணே சொல்ல?"

மேலதிகாரிக்கு போன் போட்டு, தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"மூணு மாசம் சரியாப் பதிஞ்சு அனுப்புங்க சார். வேலை இருக்குன்னு தெரிஞ்சா பழையபடி மாத்திடலாம்."

செல்வியிடம் அப்படியே சொன்னேன்.

"மூணு மாசத்துல அவ புள்ளைக்குப் பேரே வச்சிருவாண்ணே," என்று கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, இந்த மாதத்து முறைக்கு செல்வி மலை ஏறினார். ஏற 130 நிமிடம், இறங்க 95. இரண்டையும் பதிந்தேன்.

ஆனால் மாதத்துக்கு ஒரே நாள் ஏறினால், எவ்வளவு சரியாகப் பதிந்தாலும், மலையில் வேலை குறைவு என்பதுதானே இனி சரியான கணக்கு?