கோவளத்து ஐஸ் பெட்டியில் ஒரு கடிகாரம்

தாம்பரத்திலிருந்து கோவளத்துக்குப் பஸ்ஸில் எப்படிப் போவது என்று இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். அலையில் கால் நனைக்கவும் இல்லை, வஞ்சிரம் வறுவல் சாப்பிடவும் இல்லை. வழி நெடுகப் பதறிக்கொண்டே போன பயணம் என்பதால் இயற்கை அழகை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நேரமும் கட்டணமும் மட்டும் சரியாக இருக்கும். அன்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தவள் நான்.

புதிதாக வருகிறவர்களுக்கு: என் வேலை கடலடிப் பாறைகளை ஆராய்வது. வங்காள விரிகுடாவுக்கு அடியில் இருக்கும் பாறை ஓடு மெல்ல நகர்ந்து, அந்தமானுக்குக் கீழே போய்ச் சொருகிக்கொள்கிறது. பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் பிறக்கிற இடம் அது. சொருகுவதற்கு முன் அந்த ஓடு எவ்வளவு தடிமன், எங்கே விரிசல் என்று தெரிந்துகொள்ள, இந்தப் பக்கத்திலிருந்து அந்தமான் வரை, நில அதிர்வைப் பதிவுசெய்யும் ஆறு கருவிகளைக் கடலடியில் இறக்கியிருந்தோம். ஒவ்வொன்றும் பெரிய பூசணிக்காய் போன்ற கண்ணாடி உருண்டை. அதற்கு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, மூடிமேல் என் கைப்பேசி எண். பதினோரு மாதம் கழித்துக் கப்பலில் போய் ஒலி எழுப்பிக் கூப்பிட்டால், எடையைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வரும்.

ஐந்து வந்தன. கரையிலிருந்து 180 கிலோமீட்டரில் இருந்த ஆறாவது வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, அறிக்கையில் ‘தொலைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்துத்தான் அந்தச் சனிக்கிழமை. காலை 8.40-க்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கோவளத்து மீனவர் சேவியர் பேசினார்.

“மேடம், உங்க நம்பர் போட்ட மஞ்ச குண்டு ஒண்ணு வலையில மாட்டிகினு வந்துச்சு. முந்தாநேத்து. நேத்தெல்லாம் போன் போட்டேன், நீங்க எடுக்கல.”

உண்மைதான். தெரியாத எண் என்றால் கடன் அட்டை விற்கிறவர்கள் என்று துண்டித்துவிடுவது என் வழக்கம். ஆறாவது கருவி தாமதமாகத் தானே மேலே வந்து, நீரோட்டத்தில் கரைப்பக்கம் மிதந்து வந்திருக்கிறது.

“அண்ணா, அத வெயில்ல மட்டும் வைக்காதீங்க.”

“வெயில்லயா? ஐஸ் பொட்டியில கீது மேடம். கடல்லேருந்து வந்தத எவனாச்சும் வெயில்ல வப்பானா?”

“மூடி மேல சின்னதா ஒரு லைட் இருக்கும். அது மினுக்குதா பாருங்கண்ணா.”

பெட்டியைத் திறந்து தூக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல மேடம், ஒண்ணியும் எரியல” என்றார்.

என் பயம் புரிய வேண்டுமென்றால் ஒன்று சொல்ல வேண்டும். கடலுக்கடியில் செயற்கைக்கோள் சிக்னல் எட்டாது. கருவி தன் சொந்தக் கடிகாரத்தை நம்பித்தான் ஓடும். ஓர் ஆண்டில் அது ஒன்றிரண்டு நொடி பிசகும். மேலே வந்ததும், பேட்டரி தீர்வதற்குள், செயற்கைக்கோள் நேரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு பிசகியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடி தவறினாலும் நிலநடுக்கம் நடந்த இடம் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கணக்குப்படி அந்த பேட்டரியின் ஆயுள் முந்தைய வாரமே முடிந்திருந்தது. விளக்குக்கும் கடிகாரத்துக்கும் அதே பேட்டரிதான். விளக்கு எரியவில்லை என்றால் கடிகாரமும் நின்றது என்று அர்த்தம். ஐஸிலிருந்து எடுக்கச் சொல்லலாமா? தள்ளாடும் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. ஆனால் ஐஸிலிருந்து கத்திரி வெயிலுக்கு எடுத்தால் கண்ணாடி விரிசல் விடலாம். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, செத்த குழந்தையைப் பார்க்கப் போகிறவள் மாதிரி கிளம்பினேன்.

கிழக்குத் தாம்பரத்தில் வீட்டை விட்டு இறங்கியது 9.05. தோள்பையில் மடிக்கணினி, கேபிள், செயற்கைக்கோள் நேரத்தை வாங்க உள்ளங்கை அளவு ஆன்டெனா. கேளம்பாக்கம் போகும் பஸ் 9.25-க்கு வந்தது. சாதாரணப் பேருந்துக்குக் காத்திருந்தால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்குப் பொறுமை இல்லாததால் டீலக்ஸில் 35 ரூபாய் கொடுத்தேன். வண்டலூர் வரை நெரிசல்; அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம். மொத்தம் 25 கிலோமீட்டர்தான். மாம்பாக்கத்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததில் பதினெட்டு நிமிடம் அசையாமல் நின்றோம். பக்கத்தில் இருந்த அம்மா வெள்ளரிப்பிஞ்சு நீட்டினார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

கேளம்பாக்கம் 10.50. கோவளத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். பஸ் இருக்கிறது, ஆனால் நான் ஆட்டோ பிடித்தேன், 200 ரூபாய்.

“இன்னா மேடம், மீன் வாங்கவா? இந்நேரத்துக்கு நல்ல மீனெல்லாம் போயிருக்குமே” என்றார் ஓட்டுநர்.

“எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்காங்கண்ணா.”

“அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாராறீங்க? ஐஸ்ல இருந்தா ஒண்ணியும் ஆவாது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11.10-க்கு சேவியர் வீடு. மாதா கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது சந்து. வாசலில் தார்ப்பாய்ப் பந்தல், அதன் கீழே நான்கடி நீள ஐஸ் பெட்டி. அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா சந்தையில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“லேட்டா வந்துட்டேன் அக்கா. லைட் நின்னுபோச்சாம்” என்றேன்.

ஸ்டெல்லா கூடையைக் கீழே வைத்தார். “யாரு சொன்னது? மின்னிகினுதானே கீது. விடிகாலையில மீன் எடுக்க மூடியத் தொறந்தேன், உள்ள பளிச்சு பளிச்சுன்னுது. பயந்தே பூட்டேன்.”

“அண்ணன் எரியலன்னாரே.”

“அவரு வெயில்ல தூக்கிப் பாத்தாரு. தெனம் பொட்டியத் தொறக்கறவ நானு. என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?”

அப்போதுதான் உறைத்தது. பகலில் விளக்கு எரிந்து பேட்டரி வீணாகக் கூடாது என்று, வெளிச்சம் பட்டால் அணையும்படி அந்த விளக்கை அமைத்தவளே நான்தான். ஆறு கருவிக்கும் என் கையாலேயே பொருத்தினேன். காலை 8.40 மணிக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டரை மணி நேரம் துக்கம் கொண்டாடியிருக்கிறேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

பெட்டியின் மூடியை ஒரு சாண் தூக்கி, தலையை உள்ளே விட்டு, தார்ப்பாயை மேலே போர்த்திக்கொண்டேன். இருட்டு. மீன் வாடை. உருண்டையை ஈரச் சாக்கில் சுற்றி, சங்கரா மீன்களுக்கு நடுவில் பதமாக வைத்திருந்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று நொடிகளை எண்ணினேன். ஒரு மினுக்கு. பெட்டிக்குள் தலையை வைத்தபடியே அழுதேன்.

ஆனால் விளக்கு மங்கலாக இருந்தது. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். கேபிளை நான்கு முறை தப்பாகச் சொருகினேன். ஸ்டெல்லா என் கையைத் தள்ளிவிட்டு, முந்தானையால் முனையை ஈரம் போகத் துடைத்து, “இப்ப சொருவுங்க” என்றார். சேவியர் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நடுச்சந்தில் வெயிலில் நின்றார். 11.52-க்குத் திரையில் எண் வந்தது. ஒன்று புள்ளி மூன்று நொடி பின்தங்கியிருந்தது. பதினோரு மாதத்துக்கு அவ்வளவுதான். இரண்டு முறை சரிபார்த்துக் காகிதத்திலும் எழுதிக்கொண்டேன்.

“சுனாமி எப்ப வரும்னு இது சொல்லுமா?” என்று ஸ்டெல்லா கேட்டார்.

“எப்பன்னு சொல்லாது அக்கா. எந்த எடத்துல பாறை எப்படி இருக்குன்னுதான் சொல்லும்.”

“அதுக்கா இந்த ஓட்டம்?” என்றார். கிண்டலாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. மீன் குழம்பும் சோறும் போட்டார்.

ஐஸோடு சேர்த்து உருண்டையை ஒரு ‘குட்டி யானை’ லோடு வண்டியில் ஏற்றி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாக 3.40-க்குத் தாம்பரம் வந்தேன். வாடகை 1,800. வீட்டில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு மினுக்கவில்லை. வழியில் எங்கேயோ பேட்டரி தீர்ந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். மாம்பாக்கத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். பஸ்ஸின் நம்பரை மட்டும் பார்க்காமல், டீலக்ஸா சாதாரணமா என்று பலகையையும் படியுங்கள். மீன் வேண்டுமென்றால் ஒன்பதுக்குமேல் போவது வீண். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். எந்த வீட்டில் எதைக் கேட்டாலும், பெட்டியைத் திறக்கிறவரிடம் கேளுங்கள்.

திங்கட்கிழமை அறிக்கையில் ‘தொலைந்தது’ என்பதை அடித்தேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் சேவியர் என்று எழுதினேன். விளக்கைப் பார்த்தவர் என்று ஓர் இடம் அந்தப் படிவத்தில் கிடையாது. கோடு போட்டு ஒன்று உண்டாக்கி, ஸ்டெல்லா என்று எழுதினேன்.