வெள்ளைச் சோறும் விழுந்த கோழிகளும்

நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் நேராகப் பினாங்கில் இறங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கப்பலின் திறந்த தட்டில் வருகிற பயணிகளை முதலில் ஜெரஜாக் என்ற சிறு தீவில் இறக்கி, அம்மை உண்டா, காய்ச்சல் உண்டா என்று பார்த்த பிறகே ஊருக்குள் விடுவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எதிர்க்கரையில் பினாங்கு மலை பச்சைப் பசேலென்று தெரிய, நான் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் படகில் ஏற்றித் துறைமுகத்தில் விட்டார்கள்.

தம்பி கதிர்வேலு காத்திருந்தான். அவன் இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்தான். இப்போது ஆ செங் என்ற சீனருடன் கூட்டாகக் கோழி வளர்த்து, கப்பல்களுக்கு முட்டை கொடுக்கிறான்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமாடா?"

"மனுஷங்க சௌக்கியம்ண்ணே. கோழிங்களுக்குத்தான் என்னமோ வந்திருச்சு. வாங்க, போய்க்கிட்டே சொல்றேன்."

ஆயர் ஈத்தாம் என்ற அவனுடைய ஊர் துறைமுகத்திலிருந்து ஐந்து மைல். மின்சார டிராமில் போனோம். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, புகையும் இல்லை. தலைக்கு மேலே ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு வண்டி தானே ஓடுகிறது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரர் மடியில் ஒரு கூடை ரம்புத்தான் பழம் வைத்திருந்தார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மேலெல்லாம் மயிர், உரித்தால் உள்ளே நுங்கு போல வெள்ளை. கடைகள் குறைந்து தென்னந்தோப்புகள் வந்தன. வண்டி மலையடிவாரத்தில் போய் நின்றது.

கோழிக்கொட்டகை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வெள்ளைச் சேவல்களை உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்து, அதிக முட்டையிடும் ஓர் இனத்தை உண்டாக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. வேறு சேவல் கலந்துவிடக் கூடாதென்று அவற்றைக் கம்பிவலைக்குள்ளேயே வளர்த்தான். இரண்டு தலைமுறை நன்றாக வந்திருந்தது. இப்போது அடைக்கு வைத்த முட்டைகளை உடைத்தால் குஞ்சு உள்ளேயே செத்துக் கிடக்கிறது. பிறகு தாய்க்கோழிகளும் விழத் தொடங்கின.

அப்படிப்பட்ட நோயை நான் கண்டதில்லை. கழிச்சல் இல்லை, மூக்கொழுகல் இல்லை. கோழி கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. கழுத்து பின்னால் வளைந்து வளைந்து, கடைசியில் முதுகோடு ஒட்டி, அலகு வானத்தைப் பார்த்து நிற்கிறது. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆ செங் அங்கே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். தம்பியோடு தமிழும் சந்தை மலாயும் கலந்து பேசுவார்.

"எல்லாம் வெட்டணும், கொட்டகை கொளுத்தணும் லா. இல்லேன்னா பக்கத்து வீட்டுக் கோழியும் மாத்தி." மாத்தி என்றால் மலாயில் சாவு; லா என்பது அங்கே பேச்சின் கடைசியில் ஒட்டும் அசை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு செங். அதுக்கப்புறம் நானே கொளுத்துறேன்," என்றான் தம்பி.

அவன் மனைவி அஞ்சலை அடுப்படியில் நின்றபடி சொன்னாள்: "தொத்து வியாதின்னா நம்ம நாட்டுக்கோழி எதுக்கு விழலே? அதுவும் இந்த வலையோரமாத்தானே மேயுது?"

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். வெளியே திரிந்த நாட்டுக்கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டு துடியாக இருந்தன. "வலைக்குள்ள இருக்கிறதுக்கு இடம் வேற, தீனி வேற. ரெண்டுல ஒண்ணுதான்," என்றான்.

தீனி மாறியது சமீபத்தில்தான். முன்பு தவிடும் நொய்யும் போட்டார்கள். இரண்டு மாதமாக ஆ செங் ஊருக்குள் ஒரு ஹோட்டலில் மிஞ்சும் சோற்றை வண்டியில் கொண்டுவருகிறார். முத்துப் போல வெள்ளை வெளேரென்ற சயாம் அரிசிச் சோறு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மனுஷன் தின்கிற நல்ல சோறு கோழிக்கு ஆகாதா? தவிட்டைவிட அது மட்டமா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா பாத்துரலாமே," என்றான்.

அன்று மாலையே கோழிகளை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு இருந்த இடத்திலேயே அதே சோற்றில் இருந்தது. இன்னொன்றைப் பக்கத்துத் தோப்பில் புது வலை கட்டி அங்கே கொண்டுபோனோம்; தீனி மட்டும் அதே ஹோட்டல் சோறு. மூன்றாவது பங்கு பழைய இடத்திலேயே. ஆனால் சோற்றை நிறுத்தித் தவிடு. மூன்றிலும் விழுந்த கோழியும் நிற்கும் கோழியும் கலந்திருக்கும்படி பார்த்துக்கொண்டோம். மூன்றாவது பங்கு என் பொறுப்பு. தானாகத் தின்ன முடியாத கோழிகளுக்குத் தவிட்டைத் தண்ணீரில் கரைத்து, அலகைத் திறந்து ஊட்டினேன்.

புதன்கிழமை ஒன்றும் தெரியவில்லை. தோப்பில் ஒரு சேவல் செத்தது. ஆ செங் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவருடைய நடை கனமாக இருந்தது. ஒவ்வொரு அடியையும் சேற்றிலிருந்து பிடுங்கி வைப்பது போல.

"அவருக்குக் காலில் என்ன?" என்று கேட்டேன்.

"மரத்துப் போகுதாம். பாதமும் வீங்குது. இங்கே சீனவங்க நெறைய பேருக்கு வர்றதுதான்," என்றான் தம்பி.

வியாழக்கிழமை தவிடு வாங்கும் சாக்கில் டிராமேறிக் கடைத்தெருவுக்குப் போனேன். மல்லி வாசனையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து வர, நாகப்பட்டினத்திலேயே நிற்பது போலிருந்தது. ஒரு ரிக்‌ஷாக்காரர் சீன மொழியில் என்னை அதட்டி விலக்கிய பிறகுதான் ஊர் நினைவு வந்தது. அரிசிக்கடையில் இரண்டு குவியல்கள். ஒன்று வெள்ளை, மற்றது நம்முடைய பழுப்பேறிய புழுங்கல்.

"யார் எதை வாங்குவாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"சீனவங்க புழுங்கலைத் தொடமாட்டாங்கண்ணே. நாத்தம்பாங்க. நம்மாளுங்களுக்கு அது இல்லேன்னா சோறு எறங்காது. உங்களுக்கு எது வேணும்?"

"தவிடு," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தம்பி என்னைத் தோளைப் பிடித்து உலுக்கினான். ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் ஊட்டிய பெட்டைகளில் ஒன்று எழுந்து நின்றது. கால் நடுங்கியது, இருந்தாலும் நின்றது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொன்று கழுத்தை நேராக்கித் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு பங்கிலும், பழைய இடமானாலும் புது இடமானாலும், விழுந்தவை விழுந்தபடியே கிடந்தன. கோழிக்காகக் கண்ணீர் விட்டேன் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

உடனே எல்லாவற்றுக்கும் தவிடு போட்டோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிக்கு மேல் எழுந்துவிட்டன. ஆ செங் வலையோரம் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்தச் சிரிப்போடு எழுந்திருக்கப் போனவர் எழ முடியாமல் வலையைப் பிடித்துக்கொண்டார். நானும் தம்பியும் கைகொடுத்துத் தூக்கினோம். அப்போது அஞ்சலைதான் அவரிடம் அதைச் சொன்னாள்.

"அண்ணே, நீங்களும் அந்த வெள்ளைச் சோறுதானே திங்கிறீங்க? கோழிக்கும் கால்தானே விழுந்துச்சு?"

ஆ செங்கின் முகம் சிவந்தது. "நான் கோழியா? தவிடு திங்கச் சொல்றியா?" கையை உதறிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமையும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. தம்பி அவளைக் கடிந்துகொண்டான். கூட்டுத் தொழில் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு. எனக்கோ அவள் கேட்டது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையில் பார்த்த இரண்டு குவியல்களும் அடிக்கடி கண்முன் வந்தன. வெள்ளை தின்னும் சீனர்களுக்குத்தானே கால் வீங்குகிறது?

புதன்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வாசலில் நிழல் தட்டியது. ஆ செங், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு.

"தவிடு வேண்டாம். உங்க சோறு குடு," என்றார்.

அஞ்சலை இலை போட்டாள். புழுங்கலரிசிச் சோறு, பருப்புக் குழம்பு, கருவாடு. அவர் முதல் கவளத்தை மூக்கருகே கொண்டுபோய், முகம் சுளித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, "நாத்தம் லா," என்றார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

நான் புறப்படும்வரை அவர் வீக்கம் வற்றவில்லை. புதிய முட்டைகளை அடைக்கு வைத்திருந்தார்கள். அவை பொரிப்பதைப் பார்க்கவும் எனக்கு வாய்க்கவில்லை. துறைமுகத்துக்குத் தம்பியோடு ஆ செங்கும் டிராமில் வந்தார். படகேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"கோழிக்கு ரெண்டு மூணு நாள். மனுஷனுக்கு எத்தனை நாள் அண்ணே?"

"தெரியலையே," என்றேன்.

"பரவால்ல. நான் பாத்துச் சொல்றேன்," என்றார்.

ஊரில் எங்கள் வீட்டில் நெல் குத்தினால் தவிடு மாட்டுக்குப் போகும், குருணை கோழிக்குப் போகும். மாடும் கோழியும் ஏன் நோயில்லாமல் திரிகின்றன என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. விருந்தாளி வந்தால் தவிடு போக நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியைத் தேடி வாங்கிப் போடுவதுதான் மரியாதை என்று இருந்தேன். அன்று மாலை கப்பலில் தட்டில் வைத்ததும் அதே வெள்ளைச் சோறுதான். மலை கடலுக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு வாய் தின்றேன். பிறகு ஒரு பருக்கையை விரலில் எடுத்து, இதில் என்ன இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.