பின்பாரத்துக்கு ஏறிய ஆள்

என் அண்ணன் குடித்துவிட்டு வண்டியில் ஏறினான் என்று நீங்கள் சொன்னது பொய். எங்கள் தோட்டத்துக்குத் துரையாக இருந்த நீங்கள், பொய் என்று தெரிந்தேதான் அதைச் சொன்னீர்கள்.

நாங்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, குன்னூர்ப் பக்கம் உங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த சமயம் அது. சிலோனில் பாக்டரியில் மெஷின் பார்த்தவர் என்பதால் அண்ணனை வொர்க்‌ஷாப்பில் போட்டார்கள். நான் அவருக்குக் கையாள். எங்களுக்குப் பெயர் கிடையாது. அவர் பெரிய சிலோன், நான் சின்ன சிலோன்.

அந்தச் சிவப்பு ரேஸ் கார், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் உங்களுக்கு விற்றுவிட்டுப் போனது. இரண்டே சீட். மலையேற்றப் போட்டியில் கோயமுத்தூர் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளை ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்கு வெறி. எஞ்சினை இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, கனத்தைக் குறைத்தால்தான் மேட்டில் பிய்த்துக்கொண்டு போகும் என்றீர்கள்.

குறைத்தோம். பம்பர், ஸ்டெப்னி, பக்கத்து சீட், மேல் கித்தான், அதைத் தாங்கும் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றினோம். இரும்புக் கதவுகளுக்குப் பதில் அலுமினியத் தகட்டை மடித்து ரிவெட் அடித்தோம். கழற்ற முடியாத பட்டைகளில் டிரில்லால் ஓட்டை ஓட்டையாகப் போட்டோம். எடுத்தவுடன் இழுக்கட்டும் என்று பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றினோம்.

கழற்றியதையெல்லாம் கொழுந்து நிறுக்கும் தராசில் மாட்டச் சொன்னீர்கள். கூடையோடு நின்ற பெண்களை ஒதுக்கிவிட்டு அங்கே ஸ்டெப்னி தொங்கியது. அந்தப் பெண்களோடு நின்ற அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது.

“தொரை, எங்க கொழுந்துல ஈரம்னு கழிக்கிறீங்களே, இதுலயும் கழிப்பீங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

வண்டியை ஓட்டிப் பார்க்க பாக்டரிக்கு மேலே இருக்கும் ஏற்றத்துக்குக் கொண்டுபோனோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தீர்கள். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. ரப்பர் நாறியது. பின்னால் கனமே இல்லை. வொர்க்‌ஷாப் மேஸ்திரி கோயமுத்தூர்க்காரர். மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க தொரை, ஸ்டெப்னிய மட்டும் திருப்பி வெச்சுப் பாக்கலாமுங்களா?”

“வைக்கவாய்யா கழட்டச் சொன்னேன்?” என்று கத்திவிட்டு அண்ணனைப் பார்த்தீர்கள். “டேய் பெரிய சிலோன், பின்னால ஏறு.”

மழைக்காலத்தில் காலி ஜீப் வழுக்கினால் பின்பாரத்துக்கு ஆள் ஏறுவது தோட்டத்து வழக்கம். பின் கொக்கியில் காலை வைத்து, கித்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சிலோனிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். ஏறு என்றால் ஏறுவோம். ஜீப் மாடு மாதிரி ஊர்ந்து போகும். இந்த வண்டி அப்படிப் போகாது என்பதும், பிடித்துக்கொள்ள வேண்டிய கம்பிகளை எங்கள் கையாலேயே கழற்றிவிட்டோம் என்பதும் அந்த நேரத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“என்னயும் தராசுல போட்டுப் பாத்துட்டீங்களா தொரை?” என்று கேட்டுக்கொண்டே அண்ணன் பின் மூடிமேல் ஏறி உட்கார்ந்தார்.

“இவன் தின்ன கெழங்கே ஒரு ஸ்டெப்னி கனம் வருமுங்க” என்றார் மேஸ்திரி.

வண்டி சீறிப் பாய்ந்தது. அப்படி ஒரு வண்டி கிளம்பி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வளைவில் நீங்கள் திரும்பினீர்கள். அண்ணன் திரும்பவில்லை. சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் தலையும் முதுகும் மோதிக் கிடந்தார்.

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்று நடந்தது மொத்தமும் அவர் நினைவிலிருந்து போய்விட்டது. அது உங்களுக்கு வசதியாயிற்று. குடித்துவிட்டுத் தானாகத் தொற்றிக்கொண்டான் என்று ஆபீசில் சொன்னீர்கள். மேஸ்திரி ஆமாம் என்றார். நான் இல்லை என்றேன். சிலோன்காரன் பேச்சை யார் கேட்டார்கள்? குடிகாரனுக்குத் தோட்டத்து லைன் வீடுகளில் இடமில்லை என்று வீட்டைப் பிடுங்கினார்கள். ஊட்டிக்கு அந்தப் பக்கம் எமரால்டு ஊரில் ஒரு கேரட் தோட்டத்துக் கொட்டகையில் ஒதுங்கினோம்.

அண்ணன் சாராயத்தைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் படுத்த படுக்கையாக என்னைக் கேட்பார்.

“தம்பி, நீ பக்கத்துலதானே நின்ன. நெசமாச் சொல்லு. நான் குடிச்சிருந்தேனா?”

“இல்லண்ணே. அந்தாளு சொல்றது பொய்.”

“தொரை எதுக்குடா பொய் சொல்லப் போறாரு?”

எத்தனை முறை சொன்னாலும் அவர் நம்பியது உங்களைத்தான். குடித்துக் குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டபடியே செத்தார். அண்ணி அதற்குப் பிறகு யாரையும் கேலி பேசியதில்லை.

நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். ஊட்டியில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தும் விழாவுக்கு அந்தச் சிவப்பு வண்டியோடு வருகிறீர்கள். கனத்தைக் குறைத்துக் கோப்பை வாங்கிய கதையை மைக்கில் சொல்கிறீர்கள். போன முறை கூட்டத்தில் நின்று கேட்டேன். சீட்டைச் சொன்னீர்கள், கதவைச் சொன்னீர்கள், டிரில் போட்ட ஓட்டையைக்கூடச் சொன்னீர்கள். என் அண்ணனைச் சொல்லவில்லை.

நீங்கள் உண்மையைச் சொன்னாலும் இனி எதுவும் ஆகப்போவதில்லை. கேட்க வேண்டியவர் போய்விட்டார். இருந்தாலும் அடுத்த விழாவில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நிற்பேன். அதே மைக்கில், எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள். பின்னால ஏறு என்று சொன்னது யார்?